சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லோரிடமும் இதைச் சொல்லத் தாமதித்ததால் வந்த வினைதான் மீதிக் கதை.

தெரியாமல் போனதில் என் தவறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. மணி அடித்த பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். கல்லூரிக்குப் பஸ், வேலைக்கு ரயில், பிழைப்புக்கு விமானம். இப்படியே வளர்ந்து, கல்யாணம் ஆகி, கடல் தாண்டி, முன்தலையில் வழுக்கையும் விழுந்த பிறகுதான் எனக்கு சைக்கிள் தேவைப்பட்டது. காரணம், பெஞ்சுகள்.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. நின்றே பிழைக்கிறவனுக்கு உட்காரும் இடங்களின் மேல் ஒரு பக்தி வந்துவிடுகிறது. இந்த ஊரில் தெருவோரம், பூங்கா, ஆஸ்பத்திரி வாசல் என்று எங்கெங்கே பெஞ்சு இருக்கிறது, எதற்கு நிழல் உண்டு, எதற்கு முதுகுச் சாய்மானம் உண்டு, எதில் உட்கார்ந்தால் புறா தன் வேலையைக் காட்டும் என்றெல்லாம் குறித்து ஒரு வரைபடம் கையால் வரைந்துகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். முட்டி வலிக்காரர்களுக்கு உதவும், முடித்துக் கொடுத்தால் அச்சடித்து வைக்கிறோம் என்று நூலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்கு மாற்றல் ஆகி, அவர் இடத்துக்கு வந்தவருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. நான் இன்னும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்தையே முடிக்கவில்லை.

"இப்படி நடந்தே போய்க்கிட்டு இருந்தா, நீங்க ரிடையர் ஆனப்புறமும் பெஞ்சு மிச்சம் இருக்கும்" என்றாள் மனைவி.

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அது யோசனையாகக் கேட்டது.

சந்தையின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு இலவசமாக சைக்கிள் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் பார்த்திருந்தேன். வீட்டில் சொல்லாமல் போனேன். தெரிந்து வந்து ஓட்டிக் காட்டினால் அசந்துபோவாள் என்று ஒரு நப்பாசை. நான் போய்ச் சேர்ந்த நேரம், ஒரு வேனிலிருந்து பழைய சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் சுமை இறக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நம்மை யாரும் வளர்க்கவில்லை. நானும் ஒரு கை கொடுத்தேன். கடைசி சைக்கிளை இறக்கியதும் வகுப்பை நடத்தும் அம்மாள் என் கையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். டீயைக் குடித்து முடிப்பதற்குள் மாலை போடுவதுபோல என் தலை வழியாக ஒரு மஞ்சள் சட்டையை மாட்டிவிட்டார். தொண்டர்கள் போடுகிற சட்டை அது.

"நான் வந்தது..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் சைக்கிளோடு ஒரு பல் டாக்டரை என் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பல் பிடுங்க வந்தவர் மாதிரி டாக்டர் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தார். "பின்னாடி சீட்டைப் பிடிங்க, கூடவே ஓடுங்க, அவ்வளவுதான்" என்றார் தீயணைப்பம்மாள். ஓடினேன். அந்த நிலைமையில் வேறென்ன செய்வது? மூன்று சுற்று ஓடிய பிறகு டாக்டர் தானாகப் போக ஆரம்பித்தார். சீட்டை எப்போது விட்டேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

சட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

"சைக்கிள் சொல்லிக் கொடுக்கப் போனீங்களா?" என்று கதவைத் திறந்தவள் கேட்டாள். முதுகில் அப்படித்தான் பெரிதாக அச்சடித்திருந்தது. "உங்களுக்கு சைக்கிள் தெரியும்னே எனக்குத் தெரியாதே."

வாயில் கடைசி பிஸ்கட் இருந்தது. அதை மென்று முழுங்குவதற்குள் அவள் ஊருக்கு போன் போட்டுவிட்டாள். "அம்மா, உங்க மாப்பிள்ளை இங்க ஊருக்கே சைக்கிள் சொல்லிக் கொடுக்கிறாரு." மாமியார் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, நல்ல காரியம் மாப்பிள்ளை என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்பது இரண்டு வருஷமாக நீண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் நல்ல வாத்தியார். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு சைக்கிள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூச்சு இருந்தால் போதும். ஓட்டத் தெரிந்த தொண்டர்கள் "பயப்படாதீங்க, சும்மா மிதிங்க" என்பார்கள். எனக்குப் பயம் சொந்த ஊர் மாதிரி, தெருத்தெருவாகத் தெரியும். எந்த இடத்தில் கால் தரையைத் தேடும், எந்த இடத்தில் கண் தானாக முன்சக்கரத்துக்குப் போகும் என்று ஓட்டுகிறவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். கிரேன் ஓட்டுகிறவர், கணக்கு ஆடிட்டர், நிறைமாதம் நெருங்குவதற்குள் கற்றே தீருவேன் என்று வந்த ஒரு பெண் எல்லோரும் என் கையிலிருந்து ஓடிப்போனவர்கள்தான். தெருவில் போகும்போது மணி அடித்து வணக்கம் சொல்வார்கள். நான் நடந்துபோய்க்கொண்டிருப்பேன்.

இப்படியாக ஞாயிறு சீட்டுக்குப் போயிற்று. சனி பெஞ்சுக்குப் போயிற்று. மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு விடுமுறை கிடைக்கிற நாளில் நான் எங்காவது ஓடிக்கொண்டிருந்தேன், அல்லது எதையாவது வரைந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொண்டையைக் கனைத்தாள். அவள் தொண்டையைக் கனைத்தால் விஷயம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"அடுத்த மாசம் நாலு நாள் லீவு போட்டாச்சு. உங்க பட்டறைக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா சனிக்கிழமை பெஞ்சு, ஞாயித்துக்கிழமை ஆளுங்கன்னு சொல்லுவீங்க. ஆத்தங்கரை ஓரமாவே சைக்கிள்ல போற டூர் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு ஊர்ல தங்கணும். நம்ம பையை அவங்களே வேன்ல கொண்டுவந்து கொடுத்துடுவாங்க. சைக்கிளும் அவங்களே கொடுப்பாங்க. ரூம் எல்லாம் புக் பண்ணியாச்சு."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்குப் புரை ஏறியது. அவள் என் தலையில் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

"பன்னெண்டாவது வரைக்கும் நான் சைக்கிள்லதான் ஸ்கூலுக்குப் போனேன், தெரியுமில்ல? கல்யாணத்துக்கு அப்புறம் தொட்டதே இல்ல. தனியா போக ஒரு மாதிரி இருக்கு. நீங்க கூட வந்தா தைரியம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நாலு வருஷமா நாம எங்கயும் போகல. எனக்கு அந்த நாலு நாள் வேணும். வேற எதுவும் கேக்கல."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சொன்னால் அறைகளை ரத்து செய்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள். அந்தப் பரவாயில்லையை நான் இதற்கு முன்னால் சில தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு அப்புறம் வீட்டில் பாத்திரங்கள் மிகவும் மெதுவாக வைக்கப்படும். "சூப்பர்" என்றேன். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

அந்த ஞாயிறு என் கையில் இருந்தது பேக்கரி அக்கா. நம் ஆள்தான், தமிழ்தான். ஐம்பது வயதைத் தொடப்போகிறவர். ரொட்டிப் பேக்கரியில் முதல் ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. இதுவரை காரில் கொண்டுபோய் விட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டதால், அக்காவுக்கு சைக்கிள் வந்தே ஆகவேண்டும். வந்த முதல் நாள் சைக்கிளை முறைத்துப் பார்த்து, "மாஸ்டர், இது என்னைத் தள்ளிவிட்டா நான் சும்மா விடமாட்டேன்" என்றவர். இரண்டு மாதத்தில் நேராக நன்றாகவே போனார். திரும்புவதுதான் பாக்கி.

"மாஸ்டர், நீங்க ஒரு தடவை திரும்பிக் காட்டுங்க. பார்த்தா எனக்குப் பிடிச்சுக்கும்."

"இன்னைக்கு முதுகு பிடிச்சிருக்கு அக்கா."

"போன வாரம் முட்டி."

"அது... இறங்கி முதுகு பக்கம் வந்துடுச்சு."

"முட்டியிலிருந்து முதுகுக்கு இறங்குமா?" சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு முந்தின வாரம் சைக்கிள் சின்னதா இருக்குன்னு சொன்னீங்க. மாஸ்டர், உங்க மூஞ்சியைப் பார்த்துக் கேக்கறேன். உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

அக்கா சிரித்த சிரிப்பில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீச்சல் தெரியாத ஆளு கரையில நின்னு கையைக் காலை ஆட்டுன்னு கத்தின மாதிரியில்ல இருக்கு. அதையும் நம்பி நான் மிதிச்சேன் பாருங்க."

மற்ற எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மஞ்சள் சட்டை, மாமியார், ஆற்றங்கரை, நாலு நாள். நாலு நாள் என்றதும் அக்காவின் சிரிப்பு நின்றது.

"அந்தப் பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டிருக்கு. அதுல மண்ணைப் போட்டீங்கன்னா நல்லா இருக்காது தம்பி." அந்த நிமிஷத்திலிருந்து நான் மாஸ்டர் இல்லை, தம்பி. "பேக்கரிக்குப் பின்னாடி லாரி நிக்கிற முற்றம் இருக்கு. மத்தியானம் லாரி எல்லாம் போயிடும், காக்கா கூட வராது. உங்க வேலை முடிஞ்சதும் நேரா வாங்க."

எனக்கு நேற்றுதான் சைக்கிள் கற்றுக்கொண்டவர் வாத்தியார். அதுவும் அவர் என்னிடம் கற்றதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் அன்பாகச் சொன்ன வாக்கியங்களெல்லாம் அவர் வாயில் ஏலம் போடுகிற மாதிரி வந்தன. "சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தைப் பாரு. தூரத்தைப் பாருன்னு சொன்னேன், என்னைப் பார்க்கச் சொல்லல." இடையே மரியாதை எல்லாம் காற்றில் போய்விடும். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடவும் மாட்டார். "என் மூச்சுக்கு அது சரிப்படாது" என்று ஒரே தள்ளு. நான் போய் மாவு மூட்டைகள் அடுக்கி வைத்த மேடையில் முட்டி நிற்பேன். இடிக்கும் இடத்தில் காலிச் சாக்குகளை எனக்காகவே அவர் போட்டு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா அடுத்த ஞாயிறே இரண்டு பக்கமும் திரும்பப் பழகிவிட்டார். எனக்கு வலது பக்கம் திரும்ப வந்துவிட்டது. இடது பக்கம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இடது கையை லேசாக இழுத்தால் உடம்பு பூராவும் பஞ்சாயத்துக் கூட்டி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடும். முற்றத்தில் இடது பக்கம் போக வேண்டியிருந்தால் வலது பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்து வந்து சேர்வேன்.

"இதுவும் ஒரு வழிதான். லாரிக்காரங்க கூட இப்படித்தான் திருப்புவாங்க" என்றார் அக்கா.

வீட்டில் நான் சொல்லிவிட்டுப் போனது பெஞ்சு பார்க்கப் போகிறேன் என்று. திரும்பி வந்தால் கேட்பாள், "இன்னைக்கு ஏதாவது கிடைச்சுதா?" ஒன்றுமில்லை என்று எத்தனை நாள் சொல்வது? ஒரு நாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அருமையான பெஞ்சு, சாய்மானம் வைத்தது, நல்ல நிழல் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்ப வேண்டுமே என்று வரைபடத்திலும் போட்டேன். அந்த இல்லாத பெஞ்சுதான் வரைபடத்திலேயே அழகாக வந்தது.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தண்ணித் தொட்டிப் பக்கம் பெஞ்சு எங்க?"

"அங்கதானே இருந்தது."

"கால் வலிக்குது, உங்க பெஞ்சுல உட்கார்ந்துட்டு வரலாம்னு சுத்தி வளைச்சு அந்த வழியா வந்தேன். மரமே இல்ல அங்க."

"வெட்டிட்டாங்க போல."

"பெஞ்சையும் சேர்த்தா?" பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் பழகிய பழக்கத்தில், என் சட்டைக் காலரைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு கால்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டினாள். வெள்ளையாகத் தூள் பறந்தது. "மாவு. வெண்ணெய் வாசனை. இப்ப எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தினமும் பேக்கரிக்குப் போய் கேக் சாப்பிடுறீங்க."

போன வருஷம் எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் இனிப்பு என்ற சொல்லே கிடையாது. ஆகவே அவள் கண்ணில் இது ஒரு பெரிய குற்றம்தான். ஆனாலும் என் உண்மையான குற்றத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ கௌரவமானது. சட்டென்று தலையைக் குனிந்தேன்.

"மன்னிச்சிடு. நாக்கு கேக்கல" என்றேன்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். ஊசி குத்தும்போது வழக்கமாகச் சொல்லும் "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிக்கிற மாதிரி" இந்தத் தடவை வரவில்லை. முடிவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தினமும் லாரி முற்றத்தை வலது பக்கமாகச் சுற்றினால் இருக்காதா என்ன? அதைப் பார்த்து அவள் குழம்பினாள். இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக டீயில் சர்க்கரை நின்றது, தட்டில் சோறு பாதியானது. செய்யாத தப்புக்குத் தண்டனை அனுபவித்தபடி, செய்த தப்பை மறைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் சொன்னபோது, "அப்ப ஒரு துண்டு கேக் சாப்பிட்டுட்டுத்தான் போங்களேன், கணக்கு நேராகட்டும்" என்றார். மறுத்துவிட்டேன். எனக்கும் சில கொள்கைகள் உண்டு.

இதற்கிடையே மனைவி பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் தலைக்கவசம், கையுறை, மழைச்சட்டை வாங்கினாள். கண்ணாடி முன்னால் தலைக்கவசத்தை மாட்டிப் பார்த்து, "எப்படி இருக்கேன்?" என்று கேட்பாள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த முகத்தில் எட்டிப் பார்ப்பாள். வாயைத் திறப்பேன். "நல்லா இருக்கே" என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

பயணத்துக்கு முந்தின நாள் ஞாயிறு. அன்றுதான் சைக்கிள் வகுப்பின் நிறைவு ஓட்டமும். கற்றுக்கொண்ட எல்லோரும் வரிசையாக ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள், முன்னால் ஒரு தொண்டர் வழிகாட்டிக்கொண்டு போவார். போன வருஷம் நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். இந்த வருஷம் தீயணைப்பம்மாள் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டார்: நீங்கதான் முன்னாடி போகணும், உங்க ஆளுங்கதான் பாதிப் பேர்.

"கவலைப்படாதே தம்பி" என்றார் பேக்கரி அக்கா. "ஏரியைச் சுத்தறதுன்னா முழுக்க வலது பக்கம்தான். அது உனக்கு வரும்."

அதுவும் வாஸ்தவம்தான். அன்று காலை நான் கொஞ்சம் தெம்பாகவே இருந்தேன். சைக்கிளின் மேல் ஒரு காலைப் போட்டு, பார்ப்பவர்களுக்கு ஓட்டத் தெரிந்தவன் மாதிரி நின்றேன். பின்னால் இருபது பேருக்கு மேல் வரிசை. முதலில் பேக்கரி அக்கா. நாளை காலையிலிருந்து தன் சைக்கிளில்தான் வேலைக்குப் போகப் போகிறார்; புது மஃப்ளர் எல்லாம் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் ஆடிட்டர், கிரேன்காரர், குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்த அந்தப் பெண்.

அப்போது சர்ரென்று ஒரு சைக்கிள் வந்து என் பக்கத்தில் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, துளி ஆட்டம் இல்லாமல் நின்றவள் என் மனைவி.

"வேலையில ஒரு அம்மாகிட்ட கடன் வாங்கிட்டு வந்தேன். நாளைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு. கை மறக்கவே இல்லைங்க." முகமெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க முன்னாடி போறதை நானும் பார்க்கணும் இல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் தீயணைப்பம்மாளின் குரல் வந்தது. ஏரியின் அந்தப் பக்கம் குழாய் பதிக்கப் பாதையை வெட்டியிருக்கிறார்களாம். வெட்டி மூடின மண்மேடு வழக்கமாக வரும் பக்கம் செங்குத்தாக இருக்கிறது, அதில் மிதித்து ஏறுவது கஷ்டம், எதிரிலிருந்து வந்து இறங்குவது சுலபம். அதனால் இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகச் சுற்றப் போகிறோம் என்றார்.

எதிர்ப்பக்கம் என்றால் முழுக்க முழுக்க இடது.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கிண்டல் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியிருந்தது. முதல் வளைவிலேயே நான் விழுந்தால் எனக்குப் பின்னால் அவர் விழுவார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், ரயில் நிலையத்தில் வரிசையாக நிற்கும் சைக்கிள்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்கிற மாதிரி. எழுந்துவிடுவார்கள்தான். ஆனால் விழுந்த பிறகு மறுபடி ஏறும் பயம் என்ன என்பது அந்தக் கூட்டத்தில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. நாளை விடியும் முன் அக்கா தன் சைக்கிளைத் தொடாமல் கதவருகிலேயே நிற்பது எனக்குத் தெரிந்தது.

காலை எடுத்துக் கீழே வைத்தேன். மஞ்சள் சட்டையைத் தலை வழியாகக் கழற்றி தீயணைப்பம்மாள் கையில் கொடுத்தேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாது. முதல் நாள் நான் கத்துக்கத்தான் வந்தேன். வேன்லருந்து சைக்கிள் இறக்கிக்கிட்டு இருந்தீங்க, நானும் சேர்ந்து இறக்கிட்டேன்."

வரிசையில் ஒவ்வொருவராகக் காலைத் தரையில் ஊன்றினார்கள். பிறகு கிரேன்காரர், "அப்ப என் பின்னாடி ஓடி வந்தது யாரு?" என்று கேட்டார். அது ஒரு கேள்வியே இல்லை, ஆனாலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தீயணைப்பம்மாள் சிரிக்கவில்லை. சட்டையைத் தன் மேல் மாட்டிக்கொண்டு, "சரி, அப்போ வரிசைக் கடைசிக்குப் போங்க" என்றார், நெருப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

மனைவியின் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பார்த்தபோது அவள் இல்லை. வரிசையோடு கிளம்பிப் போயிருந்தாள்.

கடைசி ஆளாக நானும் கிளம்பினேன். முதல் வளைவில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அது முடிந்ததும் ஏறினேன். அடுத்ததில் இறங்கினேன். தூரத்தில் அக்காவின் மஃப்ளர் இடது பக்கமாக அழகாக வளைந்து போவது தெரிந்தது. பாதி ஏரி கூடத் தாண்டியிருக்க மாட்டேன், ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டு மனைவி பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இறங்கினாள். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

"அப்ப கேக்?"

"ஒரு துண்டு கூடச் சாப்பிடல. பேக்கரிக்குப் பின்னாடி ஓட்டிப் பழகிக்கிட்டு இருந்தேன்."

"பாதி வயிறு சாப்பிட்டீங்க. சர்க்கரை இல்லாம டீ குடிச்சீங்க."

"ஆமா."

"ஓட்டத் தெரியாதுன்னு சொல்றதை விட அது சுலபமா இருந்துச்சா?"

"ரொம்ப சுலபமா இருந்துச்சு."

 கோபமாக இருந்தால் அவள் நடை வேகமாகும். வேகமாகவில்லை.

"எனக்கு என்ன வருத்தம்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "உங்களுக்கு எங்க பார்த்தாலும் வேலை. பெஞ்சு, சைக்கிள், அது இதுன்னு நீங்க பாட்டுக்கு முன்னாடி போய்க்கிட்டே இருந்தீங்க. நான் மட்டும் ரத்தம் எடுத்துக்கிட்டு அங்கேயே நிக்கிறேன்னு நினைச்சேன். அதான் இந்த டூரே போட்டேன். நாலு நாளாவது உங்க பின்னாடியே வரலாம்னு." உதட்டின் ஓரம் அசைந்தது. "கடைசியில பார்த்தா, உங்களுக்கு முன்னாடி போகவே தெரியாது."

"தெரியாது."

"அப்ப நாலு நாளும் என்னை விட்டுட்டு எங்கயும் போக முடியாது."

"நேரா போகலாம். வலது பக்கம் போகலாம். இடது பக்கம் போக முடியாது."

அப்போதுதான் சிரித்தாள். சைக்கிளை என் மேல் சாய்த்துவிட்டு, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு சைக்கிளையும் தாங்கிக்கொண்டு நின்றேன். தாங்கிப் பிடிக்கிற வேலை என்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"ரத்து பண்ணிடலாமா?" என்று கேட்டேன்.

"ரத்தா? எனக்கு நாலு நாள் வேணும்னு சொன்னேன். வேகமா போகணும்னு சொன்னேனா?"

மறுநாள் கிளம்பினோம். முதல் நாள் நாங்கள் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பை எங்களுக்கு முன்னால் வந்து, ஓய்வெடுத்து, அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாள் இறக்கத்தில் ஒரு வேலியோடு எனக்குக் கொஞ்சம் உரசல். மனைவி முன்னால் போய், நின்று, நான் வரும்வரை செருப்பில்லாமல் ஆற்றில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வந்ததும் கிளம்புவாள். என்னைத் திட்டவேயில்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. நடுவில் பேக்கரி அக்கா போன் செய்தார். தினமும் சைக்கிளில்தான் போகிறாராம், ஒரு நாய் மட்டும் துரத்துகிறதாம், "பரவாயில்லை, அதுவும் உன்னை மாதிரி பின்னாடியே ஓடி வருது" என்றார்.

மூன்றாம் நாள் பாதை அகலமாக இருந்தது. எதிரே யாரும் இல்லை. காற்றும் இல்லை.

"உங்க அக்கா போன மாசம் போன்ல என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றாள் மனைவி. பேக்கரி அக்கா இல்லை, ஊரிலிருக்கும் என் கூடப்பிறந்த அக்கா.

சண்டை பிடிக்காமல் இரண்டு நாள் பொறுத்திருக்கிறாள் பாவம்.

"அது முடிஞ்ச விஷயம்."

"யாருக்கு முடிஞ்சுது? வீடியோவுல வீட்டைக் காட்டினேன். ‘திரைச்சீலை எல்லாம் நீ எடுத்ததா?’ன்னு கேட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. நீ எடுத்ததான்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"உங்க அண்ணன் மட்டும் என்னவாம்? நம்ம வீட்டுக்கு வந்து உள்ள பூரா சுத்திப் பார்த்துட்டு, ‘இவ்வளவுதானா, இன்னும் ரூம் இருக்கா’ன்னு கேட்டாரே. நான் ஏதாவது சொன்னேனா?" கையை நன்றாக வீசிக் கேட்டேன். நியாயம் என் பக்கம் இருந்தது.

கையை வீசிய பிறகுதான் கவனித்தேன். அந்தக் கை ஹேண்டில்பாரில் இல்லை. நான் அவளுக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில், தோளுக்குத் தோள் போய்க்கொண்டிருந்தேன். ஆறு எங்களோடு சேர்ந்து இடது பக்கமாக வளைந்துகொண்டிருந்தது, நானும்தான் வளைந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சண்டை ஆரம்பித்ததிலிருந்து இருக்க வேண்டும்.

கவனித்ததுதான் தப்பு. சைக்கிள் புல்லுக்குள் போய்ப் படுத்தது, நான் அதன் மேல்.

அவள் பதறாமல் நின்று, ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வந்து, கையை நீட்டினாள்.

"எந்திரிங்க முதல்ல" என்றாள். "எங்க அண்ணன் அப்படி எப்பச் சொன்னான்?"